வாசகர் கேள்வி பதில்: ஊதாரி வாழ்வும் ஓவியமும்

சென்ற இதழில் பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கில ஓவியர் வில்லியம் ஹோகார்த் வரைந்த 'ஊதாரியின் பயணம்' என்ற எட்டுப் படங்களைச் சிறிய அளவில் வெளியிட்டிருந்தோம். அதையொட்டி வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

உயர்தரச் சித்திர மாணவி, பசறை: எட்டுப் படங்களிலும் ஆட்களும் சாமான்களும் நெருக்கியடித்துக் கிடக்கின்றன. எங்கே தொடங்கிப் பார்ப்பது? பரீட்சையில் கேட்டால் எதை எழுதுவது?

கடதாசிகளில் தொடங்குங்கள். ஹோகார்த்தின் படங்களில் முகங்களைவிடக் கடதாசிகளே கூடப் பேசுகின்றன. முதற்படத்தில் கஞ்சத் தகப்பன் செத்துப்போய், மகன் டொம் சொத்துக்கு வந்திருக்கிறான். துக்கத்துக்கு உடுக்கும் கறுப்புடைக்குத் தையற்காரன் அளவெடுக்கிறான். கிழவனின் குறிப்புப் புத்தகத்தை உற்றுப் பார்த்தால், செல்லாத ஷில்லிங் ஒன்றை யாரிடமோ தள்ளிவிட்டதை அவன் அக்கறையாகப் பதிந்து வைத்திருப்பது தெரியும். டொம் தன்னால் கர்ப்பமான சாராவிடம் ஒரு கை காசை நீட்டிக் கணக்குத் தீர்க்கப் பார்க்கிறான். அதே நேரத்தில் அவன் முதுகுக்குப் பின்னால் வக்கீல் காசை எடுக்கிறார். சொத்து கைக்கு வந்த அன்றே ஒழுக்கு தொடங்கிவிட்டது.

இரண்டாம் படத்தில் நடன வாத்தியார், வாள் வாத்தியார், தோட்டம் அமைப்பவர், குதிரை ஓட்டுபவன் என்று ஆளுக்கொரு செலவு வரிசையில் நிற்கிறது. அச்சுப் பிரதியில், ஒரு கதிரையின் முதுகிலிருந்து தரைவரை நீளத் தாள் ஒன்று தொங்கும். பாடகர் ஃபரினெல்லிக்குப் பெரிய மனிதர்கள் கொடுத்த பரிசுகளின் பட்டியல் அது. மூன்றாவது லண்டன் மதுச்சாலை ஒன்றில் நடக்கிறது. விடியற்காலை மூன்று மணி என்பதை டொமின் கைக்கடிகாரமல்ல, பையில் வைக்கும் கடிகாரம் சொல்கிறது. அந்தக் கடிகாரம் ஒரு பெண்ணின் கையிலிருந்து இன்னொருத்தியின் கைக்குப் போகிறது. சுவரில் உரோமப் பேரரசர்களின் படங்களில் தலைகளை வெட்டி எடுத்திருக்கிறார்கள், நீரோவை மட்டும் விட்டுவிட்டார்கள். பின்னால் ஒருத்தி உலகப் படத்துக்கு மெழுகுதிரியால் தீ வைக்கிறாள். நான்காவதில் கடனுக்காகப் பிடிபடுகிறான், சாரா தன் சுருக்குப் பையை நீட்டி மீட்கிறாள். ஐந்தாவதில் ஒற்றைக் கண் பணக்காரக் கிழவியைக் கட்டுகிறான். கலியாணம் நடக்கும் தேவாலயத்தின் தருமப் பெட்டியில் சிலந்தி வலை கட்டியிருக்கிறது. ஆறாவதில் சூதாடும் இடத்தில் எல்லாவற்றையும் தோற்று முழந்தாளில் நிற்கிறான். அறையில் தீப்பிடித்திருப்பது ஆடுகிறவர்களில் அநேகம் பேருக்குத் தெரியவில்லை.

ஏழாவதுதான் எட்டிலும் சிறந்தது என்பது எங்கள் கருத்து. கடன்காரர்களின் சிறை. டொம் எழுதிய நாடகம் உதவாது என்று திரும்பி வந்த கடிதம் மேசையில் கிடக்கிறது. பியர் கொண்டுவந்த பையன் காசுக்கு நிற்கிறான், சிறைக்காவலனும் காசுக்கு நிற்கிறான். பக்கத்தில் இன்னொரு கைதியிடமிருந்து ஒரு தாள் நழுவி விழுகிறது. நாட்டின் கடனை அடைக்கும் திட்டம் அது. எழுதியவரே கடனுக்காக உள்ளே இருப்பவர். எட்டாவது படம் பைத்தியக்கார விடுதி. டொமுக்கு விலங்கு பூட்டுகிறார்கள், சாரா பக்கத்தில் அழுகிறாள். நல்ல பட்டுடுத்திய இரு பெண்கள் வேடிக்கை பார்க்க வந்து நிற்கிறார்கள்.

பரீட்சைக்கு: எண்ணெய் வர்ணத்தில் 1732க்கும் 1734க்கும் இடையில் வரைந்தவை, இப்போது லண்டனில் சேர் ஜோன் சோன் அரும்பொருளகத்தில் உள்ளன. செப்புத் தகட்டு அச்சாக 1735 ஜூனில் வெளிவந்தன. பிறர் திருடி அச்சடிப்பதைத் தடுக்கும் சட்டம் அமுலுக்கு வரும்வரை ஹோகார்த் வெளியீட்டைத் தாமதித்தார். அந்தச் சட்டம் அச்சோவியருக்கு 14 ஆண்டு உரிமை கொடுத்தது. அவருடைய தகப்பனார் கோப்பிக் கடை நடத்தி நொடித்து, அதே கடன் சிறையில் சில ஆண்டுகள் கிடந்தவர். ஏழாம் படத்தில் இருக்கும் நுணுக்கம் கேள்விப்பட்டு வந்ததல்ல. மாணவர்கள் வழக்கமாக விடும் பிழை, "கெட்ட பழக்கம் கெடுக்கும்" என்று இரண்டு வரியில் முடித்துவிடுவது. முதலில் கண்ணுக்குத் தெரிவதை எழுதுங்கள்: எந்தப் பக்கத்தில் யார், கையில் என்ன, அது யாரிடமிருந்து யாரிடம் போகிறது. பொருள் சொல்வது அதன் பிறகு. முதற்படத்தில் இருந்த சாரா கடைசிப் படத்திலும் இருக்கிறாள் என்பதை எழுத மறக்க வேண்டாம். டொமின் செலவில் ஒரு பங்கைக் கட்டியவள் அவள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், அட்டன்: கோவலனையும் இந்த டொமையும் ஒரே தட்டில் வைக்கலாமா?

வைக்கக் கூடாது. காரணம் சிலப்பதிகாரத்தின் கணக்கிலேயே இருக்கிறது. மாதவி அரங்கேறி, சோழனிடம் தலைக்கோல் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பெறுமதியான மாலையும் பெறுகிறாள். அந்த மாலையை ஒரு கூனியின் கையில் கொடுத்து, செல்வர் வீட்டு இளைஞர் திரியும் தெருவில் நிறுத்துகிறார்கள். கோவலன் வாங்குகிறான். ஒரு கழஞ்சை ஏறக்குறைய 5 கிராம் என்று கொண்டால் 5 கிலோ பொன். இன்றைய கணக்கில் 630 பவுண். அது முதல் நாள் செலவு மட்டும்தான்.

எல்லாம் தீர்ந்து வீடு திரும்பியவன், குலம் தந்த பொருட்குன்றம் தொலைந்ததே, இந்த வறுமை எனக்கு நாணத்தைத் தருகிறது என்கிறான். கண்ணகி சிரித்த முகத்தோடு "சிலம்புள கொண்ம்" என்கிறாள். மாதவிக்குக் கொடுக்கப் பொருள் இல்லாமல் வாடுகிறான் என்று நினைத்தே அப்படிச் சொன்னாள் என்று உரை சொல்கிறது. அந்த ஒரு சொற்றொடரில் எத்தனை ஆண்டுப் பழக்கம் இருக்கிறது பாருங்கள். கோவலனின் மறுமொழியில்தான் அவன் டொமிடமிருந்து பிரிகிறான். அந்தச் சிலம்பை முதலாக வைத்து, இழந்த பொருளை மதுரையில் ஈட்டுவேன் என்கிறான். முதல் என்பது வணிகனின் சொல். டொம் கடைசிவரை தேடியது, தான் எடுத்துச் செலவழிக்க இன்னொருவரின் பெட்டியை. கோவலன் விற்றுமுதலாக்கப் புறப்பட்டவன். அவனைக் கொன்றது ஊதாரித்தனம் அல்ல, பொற்கொல்லனின் பொய்யும் அரசனின் அவசரமும்.

எங்கள் மலையகத் தோட்டங்களில் அருச்சுனன் தபசுக் கூத்துப் பார்ப்பவர்களுக்கு ஒன்றை நினைவூட்டலாம். அந்தத் தபசுக்கே காரணம் சூதாட்டப் பலகைதான். தருமன் வைத்த பணயங்களின் வரிசையைக் கவனியுங்கள்: முத்து, பொன், தேர், யானை, நாடு, பிறகு நகுலன், சகாதேவன், அருச்சுனன், வீமன், தான், கடைசியில் திரௌபதி. தன்னையே தோற்ற பின்னும் ஆட்டம் நிற்கவில்லை. தோற்றவன் விட்டதைப் பிடிக்க இன்னும் பெரிதாக வைப்பான் என்பதை இதைவிடத் துல்லியமாக யாரும் வரிசைப்படுத்தவில்லை.

வாசகர், நாவலப்பிட்டி: ஒல்லாந்து ஓவியர் ரெம்பிராண்ட்டே ஊதாரியாக இருந்து நொடித்தவர் என்கிறார்களே?

நொடித்தது உண்மை. 1639இல் ஆம்ஸ்டர்டாமில் 13,000 கில்டருக்கு ஒரு வீட்டை வாங்கினார். முழுப் பணத்தையும் அவரால் கட்டி முடிக்க இயலவில்லை. 1656இல் கடனடைக்க முடியாதவர் என்று சொத்தை ஒப்படைத்தார். அப்போது எடுத்த பட்டியலில் 363 இலக்கங்கள் இருக்கின்றன: சிலைகள், ஆயுதங்கள், சிப்பிகள், அச்சுப்படக் கட்டுகள். இவற்றில் கனக்க அவருடைய படங்களுக்குள் வந்த சாமான்கள். தச்சன் உளி வாங்குவதை ஊதாரித்தனம் என்று சொல்வோமா?

ஆனால் 1635 அளவில் வரைந்த, இப்போது டிரெஸ்டனில் உள்ள ஓவியத்தில், விவிலியத்தின் ஊதாரி மகனாகத் தன்னையே வரைந்தார். மடியில் மனைவி சஸ்கியா, உயர்த்திய கையில் நீண்ட கண்ணாடிக் கிண்ணம், மேசையில் மயில் பண்டம். இடது ஓரத்தில் குடித்ததைக் கோடு போட்டு எண்ணும் பலகை தொங்குகிறது. இங்கேயும் கணக்கு உண்டு, அவர் அதைப் பார்க்காமல் எங்களைப் பார்த்துச் சிரிக்கிறார்.

சித்திர ஆசிரியை, ஹப்புத்தளை: ஒல்லாந்தரின் (டச்சுக்காரரின்) மண்டையோடு, அணைந்த திரி, பாதி உரித்த எலுமிச்சை உள்ள அசையாப்பொருள் ஓவியங்களைப் பிள்ளைகளுக்குச் செய்முறையாகக் கற்பிக்க விரும்புகிறேன். எங்கள் ஊரில் கிடைப்பதை வைத்துச் செய்யலாமா?

தாராளமாக. ஒல்லாந்தரும் வீட்டில் இருந்ததைத்தான் வைத்தார்கள், அவர்களின் வீடுகளுக்குக் கீழைத்தேயச் சாமான்கள் வந்து குவிந்துகொண்டிருந்தன. சீனப் பீங்கான், மிளகு, கறுவா. 1658 முதல் 1796 வரை இலங்கையின் கரையோரம் அவர்களின் கம்பனி கையில் இருந்தது, மலைநாடு கண்டி அரசனிடம் இருந்தது. வில்லெம் ஹேடாவின் ஓவியங்களில் பழைய பஞ்சாங்கத் தாளைச் சுருட்டி மிளகு பொதிந்து வைத்திருப்பார். பஸ் நிலையத்தில் பழைய கொப்பித் தாளில் தரும் கடலைச் சுருளேதான். பிள்ளைகளுக்கு இதைக் காட்டினால் உடனே பிடித்துக்கொள்வார்கள்.

வைக்க வேண்டியவை ஏழுக்கு மேல் போகக் கூடாது: பித்தளைச் செம்பு, சரிந்து கிடக்கும் கண்ணாடித் தம்ளர், அப்போதுதான் ஊதி அணைத்த மெழுகுதிரி, நின்றுபோன கடிகாரம், கடலைச் சுருள், பழைய கணக்குப் புத்தகம், உரித்த தோடம்பழம். நம் தேசிக்காய் சிறியது, தோல் மெல்லியது, சுருளாகத் தொங்காது. தோடம்பழத்தை மேலிருந்து ஒரு சென்ரிமீற்றர் அகலத்தில் அறுந்துவிடாமல் சுற்றி வெட்டி, பாதியில் நிறுத்தி, தோலை மேசை விளிம்புக்குக் கீழே ஒரு சாண் தொங்கவிடுங்கள். உள்வெள்ளை ஒரு மணி நேரத்தில் காய்ந்து சுருங்கத் தொடங்கும். கால் மணிக்கொரு தடவை தண்ணீர் தெளியுங்கள், ஆரம்பத்திலேயே ஒரு படம் எடுத்து வையுங்கள்.

உங்கள் ஊரில் பெரிய தொல்லை வெளிச்சம். முழு மூடுபனி நல்லது, வெளிச்சம் ஒரே மாதிரி நிற்கும். பனியும் வெயிலும் மாறி மாறி வரும் நாளில் நிழல் பத்து நிமிடத்துக்கொரு பக்கம் போகும். அப்படியான நாளில் யன்னலைக் கறுப்புத் துணியால் மூடி, இடது பக்கம் இரண்டடி தள்ளி ஒரே ஒரு மின்குமிழை வையுங்கள். இரண்டாவது விளக்குப் போட்டால் பொருள்கள் தட்டையாகிவிடும்.

தாளை முதலில் இளங்கபிலத்தால் முழுக்கப் பூசிக் காயவிட்டு அதன்மேல் வரையச் சொல்லுங்கள். வெள்ளைத் தாளில் நேரே தொடங்கினால் பிள்ளைகள் எல்லாவற்றையும் வெளிறச் செய்வார்கள். நிழல், நடுநிறம், கடைசியில் ஒளிப்புள்ளி. செம்பில் மினுக்கம் இரண்டு இடத்துக்கு மேல் வேண்டாம். தம்ளரின் வாயை வரையும்போது இரண்டு ஓரமும் கூராகிவிடுவதே அதிகம் நடக்கும் பிழை, அந்த ஓரம் எப்போதும் வளைந்தே திரும்பும். தாளின் மூன்றில் ஒரு பங்கை வெறுமையாக விடுங்கள். விருந்தாளிகள் எழுந்து போய்விட்டார்கள் என்ற உணர்வு அந்த வெறுமையிலிருந்துதான் வருகிறது.

மாணவன், பண்டாரவளை: கிளியோபாட்ரா முத்தை விநாகிரியில் கரைத்துக் குடித்தது நடக்கக்கூடியதா?

பழைய உரோம எழுத்தாளர் பிளினி சொல்லும் கதை அது. ஒரே விருந்தில் ஒரு கோடி செஸ்டர்ஸ் (உரோமக் காசு) செலவழிப்பேன் என்று பந்தயம் கட்டி, காதில் இருந்த முத்தைக் கழற்றிப் போட்டாளாம். முத்தின் பெரும்பகுதி கல்சியம் காபனேற்று, அமிலத்தில் கரையும். ஆனால் முழு முத்து, சாதாரண விநாகிரியில், சாப்பாட்டு மேசையில் காத்திருக்கும் நேரத்தில் கரையாது. ஒரு நாளுக்கு மேல் எடுக்கும். பொடியாக்கிப் போட்டால் சீக்கிரம் கரையும். வீட்டில் பார்க்க முட்டையோடு போதும், அதுவும் அதே பொருள்தான். ஒரு முட்டையை முழுக்க விநாகிரியில் அமிழ்த்தி வையுங்கள். உடனே குமிழி கட்டும், ஒன்றிரண்டு நாளில் ஓடு போய்ச் சவ்வு மிஞ்சும். பழைய உலகம் அறிந்த முத்துக் களங்களில் ஒன்று எங்கள் மன்னார்க் கடல்.

வாசகி, நுவரெலியா: "பாண் இல்லாவிட்டால் கேக் சாப்பிடட்டும்" என்று பிரான்சின் அரசி சொன்னதாகப் பிள்ளைகளின் புத்தகத்தில் இருக்கிறது.

மரி அன்ரோனெற் அப்படிச் சொன்னதற்கு ஆதாரம் இல்லை. பெயர் சொல்லாத ஓர் அரசகுமாரி சொன்னதாக ரூசோ எழுதியது 1760களில். அப்போது மரி ஒஸ்திரியாவில் சிறுமி. 1788இன் அரச கணக்கில், அரண்மனைச் செலவு மொத்தத்தில் ஏறக்குறைய நூற்றுக்கு 6. கடனுக்கும் வட்டிக்கும் போனது ஏறக்குறைய பாதி, அந்தக் கடன்களில் பெரும் பகுதி போர்களால் வந்தது. அவள் சிக்கனக்காரி அல்ல. ஆனாலும் கேலிப்படக்காரர்களுக்குப் போர்க்கடனை வரைவதைவிட ஒரு பெண்ணின் கொண்டையை வரைவது எளிதாக இருந்தது.

இளைஞர், தலவாக்கலை: எங்கள் ஆட்கள் ஏழையாகவே இருப்பதற்குக் குடியும் திருவிழாச் செலவும்தான் காரணம் என்று வெளியார் மட்டுமல்ல, எங்களில் படித்தவர்களும் பேசுகிறார்கள். மலையக வரலாறு இதை ஒப்புக்கொள்கிறதா?

மேலே கேட்ட வாசகிக்குச் சொன்னதை வைத்தே இதற்கும் தொடங்கலாம். மலையகத்தில் பணத்தைக் கண்மூடி எறிந்த காலம் ஒன்று உண்டு. எறிந்தவர்கள் வேறு. 1840களின் தொடக்கத்தில் அரச காணி ஏக்கர் 5 ஷில்லிங்குக்குப் போனது. காடு வெட்டிக் கோப்பி நட்டால் பொன் என்று, ஆளுநர் முதல் அரச உத்தியோகத்தர், பட்டாளத்தார், பாதிரிமார் வரை காணி வாங்கினார்கள். நிர்வாகம் செய்ய வேண்டியவர்கள் தோட்ட முதலாளிகளானார்கள். பிரித்தானியாவில் குடியேற்றநாட்டுக் கோப்பிக்கு இருந்த தீர்வைச் சலுகை போய், 1847இல் அங்கே வணிக நெருக்கடியும் வந்ததோடு விலை விழுந்து, தோட்டங்கள் கைவிடப்பட்டன.

அதிலிருந்து எழும்பினார்கள், மறுபடியும் அதே ஆட்டம். 1869இல் மடூல்சீமையில் கோப்பி இலையின் அடியில் செம்மஞ்சள் பொடி கண்டார்கள். இலைத்துரு நோய். அப்போதே கையைச் சுருக்கியிருக்கலாம். விளைச்சல் குறைந்தும் உலகச் சந்தையில் விலை ஏறிக்கொண்டிருந்ததால் நட்டம் கண்ணுக்குத் தெரியவில்லை. கடன் வாங்கிப் புதுக்காடு வெட்டினார்கள். 1878 அளவில் கோப்பி 275,000 ஏக்கர். விலை இறங்கியபோது நோயும் கடனும் ஒன்றாக வெளியே வந்தன. தோட்டங்களுக்குக் கடன் கொடுத்த ஓரியண்டல் வங்கி 1884 மே மாதம் கதவடைத்தது. அதன் நோட்டுகளுக்கு ஆளுநர் ஆதர் கோர்டன் அரசின் பொறுப்புக் கொடுக்க வேண்டி வந்தது. ஒல்லாந்தரின் 1637 துலிப் பூச் சந்தை வீழ்ச்சியை உலகமே படமாக அறியும். மடூல்சீமையின் அந்தச் செம்பொடியை யாரும் வரையவில்லை.

இனி எங்கள் ஆட்களின் பற்று வரவு. மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரை காட்டுவழி நடந்த செலவே முதற்கடன், கங்காணி எழுதிக்கொள்வார். அரிசி சம்பளத்தில் பிடிபட்டது. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் கையில் துண்டு என்ற கடன் சீட்டு வேண்டும். அந்தத் துண்டில் எழுதியிருக்கும் கடனைப் புதுத் தோட்டம் கட்டினால்தான் விடுதலை. கட்டியதும் அது புதுத் தோட்டத்துக் கடனாகிவிடும். ஆள் மாறினாலும் கடன் தீராது. துண்டு முறை சட்டத்தால் ஒழிந்தது 1921இல்தான். சாராயக் கடைகளையும் தொழிலாளர் திறக்கவில்லை. குத்தகைக்கு விட்டு வருமானம் எடுத்தது அரசு.

குடி வீட்டைக் கெடுக்காது என்று நாங்கள் சொல்லவில்லை, பெண்களும் பிள்ளைகளும் அதைச் சுமக்கிறார்கள். ஆனால் சாராயக் கடை வாசலில் விழுந்து கிடக்கும் ஒருவனின் படத்தைக் காட்டி இதுதான் காரணம் என்று யாராவது சொன்னால், அந்தப் படத்தில் துண்டு எங்கே, கடைக் குத்தகைச் சீட்டு எங்கே என்று கேளுங்கள்.

ஆசிரியர், மஸ்கெலியா: தரம் 10 பிள்ளைகளைக் கொண்டு, ஒரு குடும்பம் கடனில் விழுவதை ஹோகார்த் முறையில் தொடர் படங்களாக வரையச் செய்ய இருக்கிறோம். எப்படித் திட்டமிடுவது?

எட்டு வேண்டாம், ஆறு போதும். ஏ3 தாள், அகலவாட்டில். தூரிகையைத் தொடும் முன் கணக்கைப் போடச் சொல்லுங்கள். 50,000 ரூபாய் கடன், கிழமைக்கு 1,250 வீதம் 52 கிழமை என்றால் கட்டுவது 65,000. பத்தாவது கிழமையில் தவணை தவறினால் என்ன, அதை அடைக்க இரண்டாவது கடன் எடுத்தால் கிழமைக்கு எவ்வளவு? இந்தத் தொகைகளே கதையின் எலும்பு. கடன் புத்தகம் ஒவ்வொரு படத்திலும் ஓர் இடத்தில் இருக்க வேண்டும்.

ஆறு படமும் ஒரே காம்பராவில், ஒரே கோணத்தில் நடக்கட்டும். அப்போதுதான் மறைந்துபோகும் சாமான் தெரியும். தையல் மெஷின், தொலைக்காட்சி, அம்மாவின் தோடு என்று மூன்றைத் தெரிவு செய்து, எந்தப் படத்தில் எது போகிறது என்று முதலிலேயே எழுதி வையுங்கள். சாராவைப்போல ஆறிலும் வரும் ஒருவர் வேண்டும், பாட்டியோ தங்கச்சியோ.

காரணத்தை அப்பாவின் போத்தலில் மட்டும் வைத்துவிடாதீர்கள். சடங்கு வீட்டுச் செலவும் மொய்க் கொப்பியும் இருக்கட்டும். ஒழுகும் தகரம், ஆஸ்பத்திரித் துண்டு, குறைந்த கொழுந்துக்குக் கிடைத்த அரைப்பேர் (அரைநாட் சம்பளம்) எல்லாமும் இருக்கட்டும். எந்தப் பிள்ளையும் தன் வீட்டை வரைய வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள், வகுப்பில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

இனி என்ன வரப்போகிறது என்பதைக் காட்ட ஓர் உத்தியை ஒல்லாந்து ஓவியர் ஜான் ஸ்டீனிடமிருந்து எடுக்கலாம். வியன்னாவில் உள்ள 1663ஆம் ஆண்டு ஓவியத்தில் வீட்டுக்காரி தூங்குகிறாள், நாய் மேசையில் ஏறிப் பண்டத்தைத் தின்கிறது, குரங்கு கடிகாரத்தோடு விளையாடுகிறது, பன்றி ரோசாப்பூவை முகர்கிறது. எல்லார் தலைக்கும் மேலே கூரையில் ஒரு கூடை தொங்குகிறது. அதில் ஊன்றுகோலும் பிரம்பும். யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. உங்கள் காம்பராவின் குறுக்குச் சட்டத்திலும் முதற்படத்திலிருந்தே ஏதாவது தொங்கட்டும்.

பிள்ளைகள் கடைசிப் படத்தை முதலில் வரைவார்கள், எல்லாரும் அழுதுகொண்டிருப்பார்கள், மற்ற ஐந்துக்கும் தெம்பிருக்காது. மூன்றாம், நான்காம் படங்களில் தொடங்கச் சொல்லுங்கள். தலை நாலு சென்ரிமீற்றருக்குக் குறைந்தால் முகபாவம் வராது. கடன் புத்தகத்தின் எண்கள் ஒரு சென்ரிமீற்றர் உயரமாவது இருக்க வேண்டும், ஆறடி தள்ளி நின்று வாசித்துப் பாருங்கள். ஒரு படத்தில் உள்ள மீதி அடுத்த படத்தோடு பொருந்துகிறதா என்று நிறம் தீட்டும் முன் கல்குலேட்டரில் சரிபார்த்துவிடுங்கள். போஸ்டர் நிறம் காய்ந்த பிறகு கறுப்பு எண்ணைத் திருத்தப் போனால் தாளே கிழியும்.